ஏழாம் எலி

நாகமலைக்கு இந்தப் பக்கம், மூன்றாம் மாடி,
ஜன்னலே இல்லாத அறை.
கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் பதினோரு நொடியில்
பச்சைத் திரை அணைந்து
என் முகம் அதில் தெரியும்.
பிறகு மறுபடி எலி.

எலி என்றால் முழு எலி இல்லை.
சிறுநீரகத்தின் உச்சியில் உளுந்து போல உட்கார்ந்திருக்கும்
அட்ரினல் சுரப்பி,
அதன் நடுச்சதையில் ஓர் ஊசிமுனை,
அந்த ஊசிமுனையைக் கண்ணாடிக் கத்தியால் சீவிய
ஒரே ஒரு சீவல்.
தண்ணீரில் மிதக்கும்போது வெள்ளியாய் மின்னினால் சரி.
பொன்னாய் மின்னினால் தடிமன், தூக்கிப் போடு.

முதுகுத்தண்டிலிருந்து புறப்பட்ட நரம்பு
எங்கே போய் முடிகிறது என்று தேடுகிறேன்.
செல்லின் தோள்வரை வருகிறது.
ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரமாய்ப் பிளந்தால்
அதில் ஒரு துண்டு தூரம் மிச்சம் வைத்து
நின்றுவிடுகிறது.
நரம்பு முனைக்குள் ஜவ்வரிசி ஜவ்வரிசியாய்ச் சின்னப் பைகள்.
எதிரே செல்லுக்குள் ஹார்மோன் உருண்டைகள், மிளகு மிளகாய்,
சிலது வெளிறி, சிலது கரிக்கட்டையாய்.
நடுவில் ஒரு சாம்பல் கோடு.
அதைத்தான் எண்ணுகிறேன்,
ஒரு செல்லுக்கு எத்தனை கோடு என்று.
நான்கு, ஐந்து.
சிலதுக்கு ஒன்றும் அகப்படாது.
என் சீவலுக்கு மேலேயோ கீழேயோ இருந்திருக்கும்.

இந்தச் செல்களும் நரம்பாக வேண்டியவைதானாம்.
வால் முளைக்கவில்லை.
எங்கும் போகாமல் ரத்தத்தின் கரையிலேயே குடியேறி,
சேதி வந்தால் பையை அவிழ்த்துவிடும் வேலையை
ஏற்றுக்கொண்டன.

எலி ஏழு ஒப்பீட்டுக் குழு.
அதற்கு ஊசி கிடையாது, குளிர் கிடையாது,
கூண்டைக் குலுக்குவது கிடையாது.
ஒன்றுமே செய்யப்படாத எலி.
ஆனால் அதன் செல்களின் விளிம்பில்
பைகள் வரிசையாய் வாய் பிளந்து கிடந்தன,
சந்தை கலைந்தபின் உதறிப்போட்ட சாக்குகளாய்.
“விலகல். எடுத்துடுங்க” என்றார் துளசிராம் சார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.

பதிவேட்டைப் புரட்டினேன்.
செவ்வாய்க்கிழமை, காலை பத்து பத்து.
‘பிடித்தவர்’ என்ற கட்டத்தில் என் கையெழுத்து,
வரியை விட்டுச் சறுக்கி.

அன்று காளவாசல் சிக்னலில், என் பஸ்ஸுக்கு முன்னால்
ஒரு ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது.
பள்ளிக்கூடப் பை ஒன்று தனியாய் ரோட்டில் வழுக்கி வந்து
சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.
பை மட்டும்தான்.
பிள்ளை எழுந்து நின்று அழுதது, பார்த்தேன்.
பஸ் கிளம்பிவிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.
வெள்ளைக் கோட்டை மாட்டி, கையுறை போட்டு,
நேரம் தவறாமல் கூண்டைத் திறந்தேன்.

ரப்பருக்கு இந்தப் பக்கம் என் உள்ளங்கை.
அந்தப் பக்கம் வெள்ளை ரோமம், அதன் கீழே ஒரு படபடப்பு.
பிறகு மருந்து ஏறியது.
ஏறும் நொடியில் எது எப்படி இருந்ததோ
அது அப்படியே நின்றுவிடும்.
திறந்த வாய் திறந்தபடி.

அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் சேர்த்தேன்:
எலி 7, பிடித்த கை நடுங்கியது.
சார் அதைச் சிவப்பில் அடித்து
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
கேள்வி எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் கூண்டு கழுவும் சோணைமுத்து
எண் அட்டைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.
அடுத்த வாரம் புது எலிகள்.
ஏழை மட்டும் மாட்ட வேண்டாம் என்றேன்.
“ஏழு இல்லாம எப்படிக்கா எண்றது?”
ஆறு. அப்புறம் எட்டு.
சிரித்துக்கொண்டே அவன்
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்
ஒரு கூண்டளவு இடம் விட்டு வைத்தான்.